மேசைமேல் ஒரு சிறு சோலை

நோயுற்றுப் படுத்திருப்பவருக்கு உலகம் ஓர் அறையளவாகச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டு, 1984ஆம் ஆண்டு ராஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர்; கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், பசுமை மருந்துக்கு மாற்றாகாது. எனினும், கண்ணுக்கு இதமளிக்கும் ஒரு சிறு சோலையை வீட்டுக்குள்ளேயே அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

புற்றுநோய்க்கு வேதிமருந்து பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. மண்ணில் வாழும் பூஞ்சைகளும் தேங்கிய நீரில் பெருகும் நுண்ணுயிரிகளும் அவர்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும். அத்தகையோர் இல்லத்தில் சோலையைச் சன்னலுக்கு வெளியே அமைத்து, உள்ளிருந்தே கண்டு மகிழச் செய்யலாம். மருத்துவமனை அறைக்குள் செடிகளைக் கொண்டுவர வேண்டா.

அமைக்கும் முறை

ஏறத்தாழ 40 செ.மீ. அகலமுள்ள, எடை குறைந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று போதும். அதன் ஒரு பக்கத்தில் ஆழமான கிண்ணமொன்றை வையுங்கள். மீன்தொட்டிக்கென விற்கும் சிறு நீர்மூழ்கி மோட்டாரைக் கிண்ணத்தினுள் இருத்தி, கழுவிய கூழாங்கற்களைச் சுற்றிலும் அடுக்குங்கள். குழாயின் வாய் நீர்மட்டத்திற்குச் சற்று மேலிருந்தால், நீர் ஊற்றுப்போல் மெல்லப் பொங்கிக் கற்களின்மேல் வழியும். நீரைத் தூவானமாகத் தெறிக்கவிடும் அமைப்பு வேண்டா. அந்த நுண்துளிகளோடு கிருமிகளும் மூச்சில் கலக்கக்கூடும். மோட்டார் எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். கிண்ணத்தில் கைவைக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

எஞ்சிய இடத்தில் பெரணி, பெப்பரோமியா போன்ற நிழல் தாங்கும் செடிகளை அவற்றின் சிறு தொட்டிகளோடே வைத்து, இடைவெளியைக் கற்களால் நிரப்புங்கள். வாடிய செடியை மட்டும் எடுத்து மாற்ற இது எளிது. மணி பிளாண்ட் அழகானதே. ஆனால் அதன் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பது நலம்.

வாரம் ஒருமுறை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தூய நீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். ஆகவே வாரந்தோறும் ஒரு குறித்த நாளில் கிண்ணத்து நீரையும் தட்டில் தேங்கிய நீரையும் கொட்டிவிடுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; முட்டைகள் பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். எனவே கிண்ணத்தையும் கற்களையும் நன்கு தேய்த்துக் கழுவுங்கள். நீரை மாற்ற இயலாத வாரங்களில் கிண்ணத்தை உலர்த்திக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். செடிகள் மட்டுமே இருந்தாலும் சோலை சோலையே.

இப்பணிகளைப் பராமரிப்பவரே கையுறை அணிந்து செய்யட்டும். மருத்துவர் இசைவளித்தால், செடிக்கு நீரூற்றும் பொறுப்பை மட்டும் நோயாளரிடம் விடுங்கள். பிறர் கையால் அனைத்தையும் பெற்றுக்கொண்டே நாளைக் கழிப்பவருக்கு, தாம் பேணவும் ஓர் உயிர் உண்டு என்பது சிறிய ஆறுதலன்று.