2 நிமிட த்ரில்லர்: தண்டவாளத்தில் இறங்காமல் எடுப்பது எப்படி?

கேம்பிரிட்ஜ் ஏ.எஸ். லெவல் மீடியா ஸ்டடீஸில் ஒரு வேலை உண்டு: ஒரு புதுக் கதைப்படத்தின் டைட்டிலும் தொடக்கமும் எடுக்கணும். அதிகபட்சம் 2 நிமிடம். எல்லாம் சொந்தமாக எடுத்ததாக இருக்கணும். காப்புரிமைச் சிக்கல் இல்லாத இசை, ஒலி எஃபெக்டுக்கு மட்டும் விலக்கு.

த்ரில்லர் இதற்கு வசதி. ஒரு டார்ச், ஒரு காலி மாடிப்படி போதும். ஆனால் முழுக்கதையையும் திணித்தால் அது ட்ரெய்லர் ஆகிவிடும். தொடக்கத்தின் வேலை ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்வதுதான். சுஜாய் கோஷின் 'கஹானி' (2012) தொடக்கத்தில் கொல்கத்தா மெட்ரோ பெட்டியில் விஷவாயு, பயணிகள் சாகிறார்கள். யார் செய்தது? சொல்லாமல், 2 வருடம் தாண்டி, கொல்கத்தாவில் வந்து இறங்கும் கர்ப்பிணி வித்யா பாலனுக்குப் போகிறது படம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதற்காகவே உட்கார்ந்து பார்க்கிறோம்.

அதே நகரத்தின் தெற்கே லேக் கார்டன்ஸ். பட்ஜ் பட்ஜ் லோக்கல் ஓடும் பாதை, பக்கத்திலேயே ரவீந்திர சரோபர் ஏரி. கேமராவோடு போனால் கண் முதலில் தண்டவாளத்துக்குத்தான் போகும். வேண்டாமே! ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், ஹெட்போன் போட்டு ஃப்ரேம் பார்ப்பவருக்கு ரயில் வருவது கேட்காது.

சத்தத்தை மட்டும் எடுங்கள். தெருவில் நின்று, ரயில் கடப்பதை போனில் பதிவு செய்யுங்கள். ஷாட் வீட்டுக்குள்: பூட்டிய கதவு, முதுகு காட்டிப் படிக்கும் பெண். ரயில் சத்தம் ஏறுகிறது, எதுவும் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது. கதவு திறந்திருக்கிறது. டைட்டில்.