தொட்டபெட்டாவுக்கும் ஆயிரம் மீட்டர் மேலே

காலையில் நேபாளத்தின் போக்ராவில் சிறிய விமானம் ஏறினால் இருபது நிமிடத்தில் ஜோம்சோம். வழியெல்லாம் அன்னபூர்ணா, தவளகிரி சிகரங்கள். அங்கிருந்து ஜீப்பில் ராணிபௌவா, பிறகு படியேறினால் முக்திநாத். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமமாக வைணவர்கள் வணங்கும் திவ்ய தேசம். மதியத்துக்குள் தரிசனம் முடிந்துவிடும்.

அந்த அரை நாளில் உடம்பு ஏறிய உயரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். போக்ரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். முக்திநாத் சுமார் 3,700. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மேலே காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம். ஆனால் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் பாதிதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் பழக நாள் பிடிக்கும். விமானமும் ஜீப்பும் அந்த நாள்களைத்தான் பறித்துவிடுகின்றன.

கோயிலுக்குப் பின்னால் வரிசையாக 108 தாரைகள். பனி உருகிய நீர். அதற்கடியில் குனிந்து ஓடிவிட்டு ஈரச் சேலையோடு நடுங்கி நிற்கும் அறுபது வயது அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் இந்தக் குளியலைத் தவிர்க்க வேண்டும். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாரையும் தாக்கலாம். இளமையோ உடற்பயிற்சியோ காப்பாற்றாது. பெரும்பாலும் போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலியாகத் தொடங்கும். குமட்டல், அசதி, பசியின்மை, தூக்கமின்மை சேரும். நம்மவர்கள் தவறுவது இங்கேதான். பயண அலுப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்லிப் படுத்துவிடுகிறார்கள். நம்மால் குழுவின் பயணம் கெட வேண்டாமே என்று வாய் திறப்பதில்லை.

இரண்டு நிலைகள் உயிரைப் பறிப்பவை. நுரையீரலில் நீர் கோத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறும். இருமல் வரும், உதடு நீலம் பாயும். மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறக்குங்கள். ஆக்சிஜனும் மருந்தும் நேரம் வாங்கித் தரும், இறங்குவதுதான் சிகிச்சை.

தவிர்க்கும் வழி எளிது. முக்திநாத் போகிறவர்கள் சுமார் 2,700 மீட்டரில் உள்ள ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ இரண்டு இரவு தங்கி, காலையில் ஏறி, தரிசனம் முடித்துக் கீழே வந்து தூங்கலாம். மலையேற்றம் போகிறவர்கள் 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். எவரெஸ்ட் வழியில் ஃபெரிச்சே, அன்னபூர்ணா வழியில் மனாங் ஆகிய ஊர்களில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம்கள் மலையேற்றப் பருவத்தில் இயங்குகின்றன. லேசான தலைவலியானாலும் அங்கே சொல்லுங்கள். காப்பீடு எடுக்கும்போது, அது எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள்.

பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுமுன், சாப்பாடும் அறையும் எப்படி என்பதற்கு முன்னதாக இதைக் கேளுங்கள்: ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்கப்போகிறோம்? பதில் சொல்லத் தெரியாதவரை நம்பி வீட்டுப் பெரியவர்களை அனுப்பாதீர்கள்.