ராமர் காசும் கம்பெனிக் காசும்

காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊர்களில் ருத்திராட்ச மாலைகளோடு ஒரு பித்தளைக் காசும் விற்பனைக்கு வருவதுண்டு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’. அரிசியைத் தன்பக்கம் இழுக்கும் சக்தி அதற்கு உண்டு, லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி விற்பார்கள்.

கம்பெனி அப்படியொரு அரை அணாவை அச்சிட்டதே இல்லை. சென்னையில் அது அடித்த தங்க வராகன்களில் பெருமாள் உருவம் இருந்ததால், இந்தக் கதையைப் பலர் எளிதில் நம்பிவிடுகிறார்கள். 1616 என்று பொறித்த ராமர் காசும் உலவுகிறது. கம்பெனி சென்னையில் இடம் பெற்றதே 1639-இல்தான்!

ஜாகீர் எனப்பட்ட செங்கல்பட்டுப் பகுதி 1763-இல் கம்பெனி கைக்கு வந்தது, காஞ்சிபுரமும் அதற்குள்தான். இந்த வட்டாரத்தின் பழைய பெட்டிகளில் கிடைக்கக்கூடிய செப்புக் காசு வேறு மாதிரி இருக்கும். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சான 1808-ஆம் ஆண்டு 20 காசில் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் ‘20 காசு நான்கு ஃபுலூஸ்’ என்று பாரசீக எழுத்து. இவற்றை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. பிற்காலத்தில் கடலடியிலிருந்து ஏராளமான காசுகளை எடுத்தார்கள். அதனால் 1808 என்ற ஆண்டை மட்டும் காட்டி அரிய காசு என்று விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

வீட்டில் பழைய வெள்ளி ரூபாய்கள் இருந்தால் அவற்றையும் கவனித்துப் பாருங்கள். 1840 விக்டோரியா ரூபாயில் அரசியின் பெயர் தலைக்கு மேல் தொடராக ஓடும் வகை ஒன்று, இருபுறமும் பிரிந்து நிற்கும் வகை ஒன்று. எடை 11.66 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 1911-இன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அச்சானதில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். கையளவு உலோகத்தில் இவ்வளவு நுணுக்கம் இருக்கும்போது, எடைக்கு எடை வெள்ளி விலையில் பாட்டியின் காசுகளைக் கொடுத்துவிடுவது பெரிய இழப்பு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாலே கண் பழகிவிடும். புளி போட்டுத் தேய்க்காமல் வைத்திருங்கள். தேய்த்தால் மதிப்பு போய்விடும்.

பழைய காசை வாங்குவதாக ரிசர்வ் வங்கி பெயரில் அழைத்து ‘கமிஷன்’, ‘வரி’ கேட்பது இன்னொரு மோசடி. தனக்கு இதில் தொடர்பே இல்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் கட்டிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ரசீது, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

கடைக்கால் தோண்டும்போது காசுக்குடம் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் புதையலில் உங்களுக்குரிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.