மைய மண்டபம் இல்லாத நாடாளுமன்றம்

2023 டிசம்பரில், ஒரே கூட்டத்தொடரில் 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மக்களவையில் 100 பேர், மாநிலங்களவையில் 46 பேர். டிசம்பர் 18 அன்று மட்டும் 78 பேர். நாடாளுமன்றத்தில் அப்போது நடந்த பாதுகாப்பு மீறல் பற்றி அரசு அவையில் விளக்கம் தர வேண்டும் என்று அவர்கள் பதாகை பிடித்துக் கோஷமிட்டார்கள். எதிர்க்கட்சி வரிசைகள் பெருமளவு காலியாகக் கிடக்க, நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றி எழுதப்பட்டன.

அதே ஆண்டு செப்டம்பரில், சந்திரயான் பற்றிய விவாதத்தின்போது ஓர் உறுப்பினர் சக உறுப்பினரை மதத்தைச் சொல்லி ஏசினார். 2024 டிசம்பர் 19 அன்று நாடாளுமன்றத்தின் மகர துவார் வாசலில் தள்ளுமுள்ளு, இரண்டு எம்.பி.க்கள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அவையில் கூச்சல் முன்பும் இருந்தது. கூச்சல் ஓய்ந்ததும் எல்லாரும் வந்து உட்கார ஓர் இடமும் இருந்தது. அதுதான் பழைய கட்டடத்தின் மைய மண்டபம். 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியதும் அங்கேதான். பின்னாளில் அங்கே டீயும் டோஸ்ட்டும் கிடைத்தன. கட்சி பார்க்காத அரட்டையும் கிடைத்தது. தொகுதிக்கு ஒரு ரயில் நிறுத்தம் வேண்டுமென்றால், காலையில் அவையில் சாடிய அமைச்சரிடமே மதியம் அங்கே போய்க் கேட்கலாம். மூத்த நிருபர்களும் முன்னாள் உறுப்பினர்களும் பக்கத்தில் இருப்பார்கள்.

2023 செப்டம்பர் 19 முதல் அவைகள் புதிய கட்டடத்தில் கூடுகின்றன. மக்களவையில் 888 இருக்கைகள், மாநிலங்களவையில் 384. மைய மண்டபம் மட்டும் இல்லை. கட்சிகள் கலந்து உட்காரும் மற்றோர் இடமான நிலைக்குழுக்களும் மெலிந்துவிட்டன. 15-வது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின; 17-வது மக்களவையில் சுமார் 16 சதவீதம்தான். இப்போது உறுப்பினர் பேசுவது எதிரே இருப்பவரிடம் அல்ல, செல்போனில் பரவப்போகும் அரை நிமிட வீடியோவுக்கு. முகம் பார்த்துப் பழகாதவரை ஏசுவது சுலபம். என் பெரிய கவலை இதுதான்.

மண்டபம் இருந்த 1989-லும் 63 பேர் ஒரே நாளில் வெளியேற்றப்படவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் திரும்பி வந்தபோது அவர்கள் எதிரணியோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தது.

பழைய மண்டபம் இடிபடவில்லை. அதே வளாகத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவை கூடும் நாள்களிலெல்லாம் அதை எல்லாக் கட்சியினருக்கும் திறந்துவையுங்கள். வாசகர்களே, உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, எதிர்க்கட்சிக்காரரோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார் என்று கேளுங்கள்.