கல்லும் சட்டமும்: முண்டா மக்களின் பத்தல்கடி

ஒரு குடியின் தொல்வழக்கு ஊர் அரசியலில் எங்ஙனம் வலிமை பெறுகின்றது என ஆராய்வார்க்கு, ஜார்க்கண்டு மாநிலத்து முண்டா மக்களின் 'பத்தல்கடி' தக்கதொரு சான்றாகும். கல் நடுதல் என்பது அச்சொல்லின் பொருள்.

இறந்தோரின் எலும்பைப் புதைத்து, அதன்மேல் 'சசன்திரி' என்னும் கற்பலகையை இடுதல் முண்டாக்களின் பண்டை வழக்கம். அக்கல் நினைவுச் சின்னம் மட்டும் அன்று. காடு திருத்தி ஊர் அமைத்தோரின் வழியினர்க்கே நிலம் உரியது என்பது அவர்தம் 'கூண்ட்கட்டி' முறை. 1908-ஆம் ஆண்டுச் சோட்டாநாகபுரி நிலக் குடிவாரச் சட்டமும் அம்முறையை ஏற்றது. ஆதலின், முன்னோரின் கல் நிலவுரிமைக்கும் சான்றாயிற்று.

பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் வழங்கும் சட்டம் 1996-இல் இயற்றப்பட்டது. முன்னாள் அரசு அலுவலர்களாகிய பி. டி. சர்மா, பந்தி ஓராவோன் ஆகியோர் அதன் விதிகளைக் கல்லில் பொறித்து ஊர்தோறும் நடச் செய்தனர். பழைய வடிவம் புதிய செய்தியைத் தாங்கியது.

2016-இல் மாநில அரசு நிலச் சட்டங்களைத் திருத்த முற்பட்டது. நிலம் கைவிட்டுப் போகும் என மக்கள் அஞ்சினர். 2017-இல் ஆளுநர் அத்திருத்தங்களைத் திருப்பி அனுப்பினார். ஆயினும் அச்சம் அடங்கவில்லை. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் கூண்டி மாவட்டத்து ஊர்த்தலைவர்கள் ஊர் வாயில்தோறும் பச்சை வண்ணக் கற்களை நிறுத்தினர். தாளில் அச்சிட்ட அறிக்கை இத்துணை ஆற்றல் பெற்றிராது. உரிமையைக் கல்லில் காணும் பழக்கம் மக்களிடையே முன்னரே வேரூன்றியிருந்தமையே அதற்குக் காரணம்.

எனினும், ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. வெளியார் ஊருள் புகலாகாது என்பதற்கு அரசியலமைப்பின் 19(5) பிரிவைக் கற்கள் சான்று காட்டின. அப்பிரிவோ, பழங்குடியினர் நலங்கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் இயற்ற இடந்தருகின்றதேயன்றித் தானே தடை விதிப்பதன்று. இப்பிழையுரையின் சுமை ஊர்மக்கள்மீதே விழுந்தது. பலர்மீது அரசத் துரோக வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றைத் திரும்பப் பெறுவதென 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற புதிய அரசு முடிவு செய்தது.

மரபு தலைவர்க்குச் செல்வாக்கை அளிக்கின்றது. அச்செல்வாக்கே பொறுப்பையும் மிகுவிக்கின்றது. முன்னோர் கல்லை மக்கள் ஐயுறுவதில்லை. ஆதலின், அதில் எழுதப்படும் சட்டம் பிழையற்றதாதல் வேண்டும் என்க.