கவரேஜ் தேடி ஏறிய பிள்ளைகள்

2020 மார்ச் நடுப்பகுதியில், கொரோனா பரவியபோது, இலங்கையின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. தேயிலைத் தோட்டங்கள் மூடப்படவில்லை. ஊரடங்கிலும் கொழுந்து பறிக்க அனுமதி இருந்தது. கொழும்பில் பெற்றோர் வீட்டிலிருந்தபடி பிள்ளையின் ஸூம் வகுப்பைக் கவனித்த அதே மாதங்களில், டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் அம்மா விடியற்காலையிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விட்டார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் எவரும் இல்லை. வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தாலும் அது அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும்.

மலையகத்தில் இணையவழிக் கல்வி ஏன் தோற்றது என்று கேட்டால் எல்லோரும் போன் இல்லை, சிக்னல் இல்லை என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துத் தரும் கணக்குகளில், கணினி உள்ள வீடுகள் மிகக் குறைவாக இருப்பது தோட்டத்தில். தொழிலாளர் வசிக்கும் பல லயங்கள் மலை மடிப்புக்குள் கிடக்க, அலைவரிசை மேட்டில்தான் எட்டும். அதனால் பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் மேலே ஏறினார்கள். ஹட்டன் பக்கத்தில் ஜூன், ஜூலை என்றால் தென்மேல் பருவமழை. குடைக்குக் கீழே போனையும் கொப்பியையும் நனையாமல் பிடித்துக்கொண்டு, காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டு, இயற்கணிதம் படித்துப் பாருங்கள். பெண்பிள்ளையைத் தனியே அந்த மேட்டுக்கு அனுப்பப் பெற்றோர் பயந்ததில் என்ன தவறு?

காசு இன்னொரு பக்கம். அன்று தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அந்த வீட்டில் டேட்டாவுக்குப் போடும் ரீலோட், ரொட்டிக்கு வாங்கும் கோதுமை மாவோடு போட்டிபோட்டது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும், நேத்ரா தொலைக்காட்சியின் ‘குருகுலம்’ நிகழ்ச்சியும் உதவின. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. பல ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் குரல்பதிவாகப் பாடம் அனுப்பினார்கள், அச்சிட்ட டியூட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த உழைப்பை நாம் போதிய அளவு பாராட்டவில்லை.

2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அவர்கள் முன்வைத்த சம்பள முரண்பாடு நீண்டகால அநீதி. அவர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல் நீண்ட அந்த இடைவெளியை நகரத்துப் பிள்ளை தனியார் டியூசனால் நிரப்பியது. தோட்டத்துப் பிள்ளையின் கையிலிருந்த மெல்லிய நூலும் அறுந்தது.

இத்தனைக்கும் பிறகு, இணையவழிக் கல்வியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மலையகத்துக்குத்தான் அது மிக அவசியம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை எட்ட உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் தமிழில் கற்பிக்க ஆள் வேண்டுமே! விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் ஒழுங்காக நடக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மாவட்டத்தில் குறைவு. யாழ்ப்பாணத்திலோ ஹட்டன் நகரிலோ இருக்கும் நல்ல ஆசிரியர் ஒருவர், அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை, இராகலைப் பாடசாலைகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் எடுக்க இணையம் வழிசெய்யும்.

கேள்வி, அந்த இணையம் எங்கே வந்து இறங்க வேண்டும் என்பதுதான். ஆஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் வானொலி மூலம் தொடங்கிய வான்வழிப் பள்ளியில், பிள்ளையின் பக்கத்தில் தாயோ வீட்டு ஆசிரியரோ அமர்வது ஏற்பாட்டின் ஒரு பகுதி. கேரளம் 2020 ஜூனில் தொலைக்காட்சிப் பாடங்களைத் தொடங்கியபோது, வசதியில்லாத பிள்ளைகளுக்காக வாசிகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் பொதுத் திரைகளை வைத்தார்கள். நாமோ முழுச் சுமையையும் ஒரு லயத்து அறையிடம், ஒரு சின்னப் போனிடம் ஒப்படைத்தோம்.

நமக்கு வேண்டியது பாடசாலையில் ஓர் அறை, அல்லது தோட்டத்து வாசிகசாலை. ஒரு பெரிய திரை, உறுதியான இணைப்பு, மின்சாரம் போனால் தாங்கும் பற்றரி. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்த பிறகு, கோபுரம் எட்டாத மலை என்ற சாட்டும் பலவீனமாகிவிட்டது. அந்த இணைப்பை ஒரு கொழுந்து பறிக்கும் குடும்பம் வாங்க முடியாது. ஒரு பாடசாலைக்கு அரசு வாங்கிக் கொடுக்கலாம். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மண்சரிவோடு வந்து மலையகத்தின் வீதிகளையும் மின்சாரத்தையும் துண்டித்ததைப் பார்த்தவர்களுக்கு, பற்றரி ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட, அறைக்குள் ஓர் ஆள் வேண்டும். அதே தோட்டத்தில் உயர்தரம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் அக்காவோ அண்ணாவோ, சம்பளத்தோடு. திரையில் வரும் ஆசிரியருக்குத் தெரியாத, பாடம் விளங்காத முகங்களை இவர்கள் பார்ப்பார்கள், பிள்ளை கேட்கத் தயங்கும் கேள்வியை எடுத்துக் கேட்பார்கள். அதற்கான பயிற்சியைப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி கொடுக்கலாம். மலையக ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது. வகுப்பைப் பாடசாலை விட்ட கையோடு தொடங்கி ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் நீண்டால் தூரத்து டிவிசன்களுக்கு நடக்க வேண்டிய பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள்.