2 மாத வாடகை பாக்கியா? உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

சம்பளம் தள்ளிப்போகும், சில நேரம் வேலையே போய்விடும். "அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடுறேன் அங்கிள்" என்று ஹவுஸ் ஓனரிடம் சொல்லிச் சமாளிப்போம். அடுத்த மாதமும் முடியவில்லை என்றால், "ஞாயித்துக்கிழமைக்குள்ள சாவியைக் கொடுத்துடுங்க தம்பி" என்று பதில் வரும். உடனே பெட்டி கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்த 2017-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொல்வது என்ன?

2 மாத வாடகை பாக்கி இருந்தால், வீட்டைக் காலி செய்யவைக்கக் கோரி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால், பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் வட்டியுடன் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவிட முடியாது. எனவே, நோட்டீஸ் வந்த தேதியைக் குறித்து வைப்பது முக்கியம்.

இந்தச் சலுகையை ஒருமுறை பெற்றவர், பிறகு ஓராண்டில் மீண்டும் தொடர்ந்து 2 மாதம் பாக்கி வைத்தால், அது மறுபடி கிடைக்காது.

கரன்ட், தண்ணீரை நிறுத்தலாமா?

கூடாது. பாக்கி இருந்தாலும் அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க ஓனருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று சொல்லலாமா?

ஓனர் சம்மதித்தால் மட்டும் சரி; அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக, வீட்டைக் காலி செய்தபின் பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விதி.

அடுத்த வீட்டுக்கு என்ன ஆகும்?

புது ஓனர்கள் பலர் பழைய ஓனருக்கு போன் போட்டு, "வாடகை ஒழுங்கா தருவாரா?" என்று கேட்கிறார்கள். பழைய ஓனர் கோபத்தில் இருந்தால் பதில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே கைகொடுப்பது ஆதாரம்தான். வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. யுபிஐயில் அனுப்பினால் எந்த மாத வாடகை என்று குறிப்பிடுங்கள். பாக்கியைத் தீர்த்ததும் "எல்லாம் செட்டில் ஆயிடுச்சு" என்று வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

எழுத்துபூர்வ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். வாய்ப்பேச்சை நம்பிக் குடியேறினால், தகராறு வரும்போது இரு தரப்புக்குமே சிக்கல்.